கைதட்டாத பவளம்

வெச்சுக்கம்மா, ஒங்க பவளத்த நீங்களே வெச்சுக்குங்க! இதோ, டப்பாவத் தொறந்தே காட்டுறேன், நல்லாப் பாத்துக்க. ஒங்க கடைத் தொட்டியில இருந்தப்ப இது எப்பிடி இருந்துச்சு? தண்டு தண்டா நிமுந்து நின்னு, தலைக்குத் தலை பூவா விரிஞ்சு... இப்பப் பாரு. கழுவி ஓரமாப் போட்ட மொளகா மாதிரி தொவண்டு கெடக்குது. இது ஞாயமா? நீயே சொல்லு!

கோவமா? சேச்சே, கோவமெல்லாம் இல்லம்மா. என் கொரலே இப்பிடித்தான். நாப்பது வருஷம் கொதிக்கிற அண்டா பக்கத்துல நின்னு, பொகை இழுக்கற ஃபேன் சத்தத்துக்கு மேல கத்தி வேல வாங்கின தொண்டை. மெதுவாப் பேசுன்னா அதுக்கு வராது. ஒங்க அண்ணன் எங்க? ...சரக்கு எடுக்கப் போயிருக்காரா? எப்ப வருவாரு? ...சாயங்காலமா! ரொம்ப நல்லது. வித்தவரு சரக்கெடுக்கப் போயிடுவாரு, வாங்கினவன் டப்பாவும் கையுமா நிக்கணும். சரி, தங்கச்சி நீ இருக்கியே, நீ கேளு. ஒன் வேலயக் கெடுக்கல, கண்ணாடி தொடைக்கிறியா, தொடை. காது சும்மாத்தானே இருக்கு.

என்னத் தெரியலயா? மாஸ்டர்னு சொன்னா ஒங்க அண்ணனுக்குத் தெரியும். அந்தப் பெரிய கம்பெனி கேன்டீன்ல தலைமைச் சமையல். ஒரு வேளைக்கு அறுநூறு தட்டு. அறுநூறு! ஒருத்தனுக்கு ஒறப்பு பத்தாது, ஒருத்தனுக்கு எண்ணெ ஆகாது, ஒருத்தன் சும்மாவே குத்தம் சொல்றதுக்குன்னு பொறந்தவன். அத்தனை பேர் வாயையும் அடைச்சவன் நான். எப்பிடி? எல்லாம் இந்த நாக்காலதான். அண்டாவுல கரண்டிய விட்டு ஒரு சொட்டு நாக்குல வெச்சேன்னா போதும், உப்பு எத்தனை பிடி கொறையுதுன்னு சொல்லிருவேன். தராசும் வேணாம், கிண்ணமும் வேணாம்.

அப்பேர்ப்பட்டவன், போன வருஷம் ரிட்டயர் ஆனேன். ஆனேன்னு என்ன... ஆக்கிட்டாங்க. புது மேனேஜர் வந்தாரு. தட்டுல சாப்பாடு மிச்சமாகுது, பாதிப் பாதி திரும்பி வருதுன்னு ஒரு பேச்சு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ருசி தெரியலங்கய்யான்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, ஓய்வெடுங்க மாஸ்டர், எத்தன நாளைக்குத்தான் ஒழைப்பீங்கன்னு ஒரு மால, ஒரு கைக்கடியாரம். முடிஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்தா? வீட்ல சமையக்கட்டு என் வீட்டுக்காரியோடது. முப்பத்திமூணு வருஷமா அவளோடது. நான் கேன்டீன்ல சமைச்சு, அங்கயே தின்னுட்டு வந்தவன், வீட்டுச் சமையல்ல தலையிட்டதே இல்ல. இப்பச் சும்மா இருக்கோமே, கூடமாட ஒத்தாச பண்ணுவோம்னு ஒரு நல்ல எண்ணத்துல உள்ள போயி, அடுப்புல இருக்கறத ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். உப்பே இல்லம்மா! சத்தியமாச் சொல்றேன், சப்புன்னு இருந்துச்சு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு பிடி எடுத்துப் போட்டேன். போட்டது ஒரு குத்தமா?

அவ ஒரு வாய் வெச்சுட்டு, "கரிக்குது"ன்னா. கரிக்குதாம்! யாருகிட்ட, எங்கிட்ட! நான் பேசினேன், அவ பேசினா, பேச்சு வளந்துச்சு. மறுநாளும் போட்டேன். அதுக்கு மறுநாளும் போட்டேன். ஒரு வாரத்துல உப்பு டப்பாவையே ஒளிச்சு வெச்சுட்டா. இன்னிக்கி வரைக்கும் எங்க வெக்கிறான்னு எனக்குத் தெரியாது, அரிசிக்குள்ள பொதைக்கிறாளோ என்னமோ. அதோட நிறுத்தல. எங்கூட ஒக்காந்து சாப்பிடறதயும் விட்டுட்டா. அவ முன்னாடியே தனியாச் சாப்ட்டு, கையக் கழுவிட்டு, எனக்கு ஒரு தட்டு வெச்சுட்டுப் போயிடுவா. மேல போட்டுக்கறதுக்குன்னு பக்கத்துல ஒரு சிட்டிகை உப்பு. ஒரே ஒரு சிட்டிகை! அதுவும் அளந்து! ஒரு உப்புப் பெறாத விஷயத்துக்கு, ஒரே வீட்ல ரெண்டு பந்தி நடக்குது பாரு.

ஆங்... பவளத்துக்குத்தான் வர்றேன். வந்துக்கிட்டே இருக்கேன்.

இந்தக் கூத்தப் பாத்துட்டு எம் பொண்ணும் மாப்ளையும் ஒரு ரோசனை பண்ணாங்க. அப்பாவ சமையக்கட்டுப் பக்கமே போகாம எங்கயாவது கட்டிப் போடணும். எதுல கட்டலாம்? மாப்ளையோட ஆபீஸ் நண்பர் எவரோ வீட்ல பவளத் தொட்டி வெச்சிருக்காராம், மனுசன் கக்கூஸ் போகக்கூட எந்திரிக்கிறதில்லயாம். ஒடனே என் பொறந்த நாளுக்கு ரெண்டடி நீளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி வந்து எறங்கிருச்சு. கூடவே ஒங்க அண்ணனும் எறங்கினாரு.

அன்னைக்கி அவரு பண்ண அலப்பறை இருக்கே! தொட்டிய ஜன்னல் பக்கம் வெக்கக் கூடாது, வெயில் படும். கதவு பக்கம் வெக்கக் கூடாது, ஆளு இடிப்பாங்க. ஏசிக்குக் கீழ கூடாது. கடைசியில என் நாக்காலி இருந்த எடந்தான் சரியான எடமாம். என் நாக்காலி போச்சு. அப்புறம் மணல், அப்புறம் கல்லு. கல்ல இப்பிடி அடுக்கணும், அப்பிடி அடுக்கணும், மீனு ஒளியப் பொந்து வேணும், தண்ணி சுத்தி வர வழி வேணும்... நான் ரெண்டு நாள்ல கல்யாணப் பந்தல் சமையலுக்குக் கோட்டை அடுப்புக் கட்டினவன், எனக்குக் கல்லடுக்கச் சொல்லித் தர்றாரு!

அப்புறம் தண்ணி. கொழாத் தண்ணி ஆகாது, வடிகட்டின தண்ணிதான். அதுக்குன்னு ஒரு வாளி கடலுப்பு கொண்டாந்து, அதுலேருந்து அளந்து போட்டாரு. கலக்கி, பம்பு போட்டு ஒரு நாள் சுத்த விட்டு, மறுநாள் வந்து, சட்டப் பையிலேருந்து ஒரு சின்னக் கொழல எடுத்தாரு. அதோட கண்ணாடியில ரெண்டு சொட்டு தண்ணிய விட்டு, ஜன்னல் பக்கமா நீட்டி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்தாரு. "என்ன சார், பகல்லயே நட்சத்திரம் தெரியுதா?"ன்னேன். "உப்பு பாக்கறேன் மாஸ்டர்"ங்கிறாரு. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. உப்பு பாக்கறதுக்கு நாக்குன்னு ஒண்ண ஆண்டவன் குடுத்திருக்கான், இவரு கண்ணால பாக்குறாராம். "நீங்களும் இதுல ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க"ன்னாரு. போய்யான்னுட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அதுக்கப்புறம் மூணு வாரம்மா! மூணு முழு வாரம், தொட்டிக்குள்ள வெறுங் கல்லு, மேல வெளக்கு. மீனும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி கல்லுல வளரணுமாம், அது வளந்தாத்தான் மீனோட கழிவயெல்லாம் தின்னு தண்ணியச் சுத்தமா வெச்சுக்குமாம். சரி, பாத்திரம் கழுவ ஆளு சேக்காம அடுப்பப் பத்த வெக்காதங்குறாரு, அது புரிஞ்சுச்சு. ஆனா வீட்டுக்கு வர்றவங்களுக்குப் புரியணுமே? என் மச்சினன் வந்து பத்து நிமிஷம் உத்துப் பாத்துட்டு, "மாமா, கல்லு சூப்பா? எப்ப வேகும்?"ங்கிறான். பொறுத்தார் பூமி ஆள்வார்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

அப்புறந்தான் ஒவ்வொண்ணா வந்துச்சு. மொதல்ல ரெண்டு நத்தை, கண்ணாடிய நக்கித் தொடைக்கிறதுக்கு. அடுத்தது செவப்புக் கோடு போட்ட ஒரு எறா. யோசிச்சுப் பாரும்மா, ஆயுசு பூரா எறாவ உரிச்சு உரிச்சே வெரல் தேஞ்சவன், ஒத்த எறாவுக்குச் சாப்பாடு போட்டு ஒக்காத்தி வெச்சிருக்கேன்! அது என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒரு நா காலையில பாத்தா மணல்ல செத்துக் கெடக்குது. காலு, மீச, கோடு எல்லாம் அப்பிடியே. என் வீட்டுக்காரி அதுவரைக்கும் தொட்டிப் பக்கமே வராதவ, அன்னைக்கி வந்து பாத்துட்டு, "பாவம், வந்த எடத்துல இப்பிடி ஆயிடுச்சே"ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டா. அவளே அத ஒரு ஸ்பூன்ல எடுத்துக்கிட்டுப் போயி பூந்தொட்டியில பொதச்சா. ரெண்டு நா கழிச்சு, கல்லுக்குப் பின்னாலேருந்து அதே எறா ஜம்முன்னு நடந்து வருது! அவ போட்ட கூச்சல்ல கீழ்வீட்டு ஆளு மேல ஓடி வந்துட்டாரு. ஒங்க அண்ணனக் கேட்டா, அது சட்ட மாத்திச்சு மாஸ்டர்ங்கிறாரு. பழைய தோல அப்பிடியே முழுசாக் கழட்டி வெச்சிட்டுப் போயி ஒளிஞ்சுக்குமாம். நாங்க பொதச்சது வெறுஞ் சட்டையத்தான். சிரிக்கிறியா? சிரி, சிரி. அவளும் சிரிச்சா. அன்னைலேருந்துதான் தொட்டிப் பக்கம் வர ஆரம்பிச்சா.

அடுத்தது மீனு ஜோடி. ஆரஞ்சு ஒடம்புல வெள்ளப் பட்டை. பெருசுதான் பொம்பளையாம், சின்னதுதான் ஆம்பளையாம். பெருசு ஒரு மொற மொறச்சா, சின்னது ஒடம்பக் கிடுகிடுன்னு ஒதறிக்கிட்டு ஒருக்களிச்சு நிக்கும், மன்னிச்சுக்கம்மாங்கிற மாதிரி. வீட்டுக்கு வீடு வாசப்படி, வேறென்ன சொல்ல. அத அவ பாத்துட்டு என்னையும் ஒரு பார்வை பாத்தா பாரு!

அதுக்கப்புறந்தான் பவளம். மொதல்ல பச்சக் கலர்ல பட்டன் பட்டனா ஒரு கல்லு. அப்புறம் இது. இந்தா டப்பாவுல கெடக்குதே, இது. கைதட்டின்னு நாங்க பேரு வெச்சிருக்கோம். நாங்கன்னா, அவ வெச்சா. ஒவ்வொரு பூவும் சின்னக் கை மாதிரி மூடித் தொறந்து, மூடித் தொறந்து... காத்தும் இல்ல, யாரும் தொடவும் இல்ல, அதுபாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கும். அவ சாயங்காலம் பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டு, ஒரு ஸ்டூலக் கொண்டாந்து தொட்டி முன்னாடி போட்டுக்குவா. நான் இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலு. அரை மணி நேரம். ஒரு வார்த்த பேசிக்க மாட்டோம். ஆனா அது பேசின மாதிரிதாம்மா. ஒரு நா, "நம்மளப் பாத்துத்தான் தட்டுது போல"ன்னா. நம்மளன்னா! எத்தன மாசங் கழிச்சு அந்த வார்த்த அவ வாயிலேருந்து வந்துச்சு தெரியுமா?

அதத்தாம்மா ஒங்க அண்ணன் கெடுத்துட்டாரு.

இப்ப ஒரு ஒன்றரை மாசமா, மொதல்ல அந்தப் பச்சப் பட்டன் ஒண்ணொண்ணா மூடுச்சு. சரி, தூங்குதுன்னு விட்டேன். அப்புறம் இது தட்டறது கொறஞ்சுச்சு. அப்புறம் நின்னே போச்சு. அவ நாலு நா வந்து ஒக்காந்து பாத்தா. அஞ்சாவது நா ஸ்டூல எடுத்து உள்ள வெச்சுட்டா.  திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

நானும் என்னதான் பண்ணாம இருந்தேன்? வீட்ல ரூமுக்கு வாசன மருந்து அடிச்சாங்க, அதனாலதான்னு அந்த டப்பாவத் தூக்கிக் குப்பையில போட்டேன். பக்கத்து வீட்ல செவுத்துல ஓட்ட போட்டாங்க, அந்த அதிர்ச்சியா இருக்கும்னு போயி சண்ட போட்டேன். வெளக்கு ஜாஸ்தின்னு மேல ஒரு துணியப் போட்டேன். வெளக்கு கம்மின்னு துணிய எடுத்தேன். மாப்ள வந்து போட்டோ புடிச்சான், கண்ணு பட்டிருக்கும்னு நெனச்சேன். இதெல்லாம் இல்லன்னா மிச்சம் யாரு? வித்தவருதான்! ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம், அந்த மாதிரி ஒங்க அண்ணன் போன்ல, "தண்ணியப் பாத்தீங்களா மாஸ்டர், தண்ணியப் பாத்தீங்களா"ன்னு தண்ணி மேலயே பழியப் போடுறாரு. என் தண்ணியக் குத்தம் சொல்லுவாராம்! அதனாலதான் கையோட பாட்டில்ல கொண்டாந்திருக்கேன். இந்தா. பாரு. பளிங்கு மாதிரி இருக்கா?

...என்ன எடுத்துட்டு வர்ற? ஓ, நீயும் அந்தக் கொழலா! குடும்பமே கொழலும் கையுமாத்தான் திரியுது. பாரு பாரு, நல்லாப் பாரு. ரெண்டு சொட்டு போதுமா? இன்னுங் கொஞ்சம் விட்டுக்க, நிறையக் கெடக்குது.

என்ன மறுபடியும் தொடச்சுட்டுப் பாக்குற? ...மூணாவது தடவையா? என்னம்மா, கொழல்ல பூச்சி பூந்துருச்சா? ...நானா? நான் பாக்கணுமா? குடு. எந்தக் கண்ணு? ம்... மேல நீலமா இருக்கு, கீழ வெள்ளையா இருக்கு. ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு கோடு. எண்ணு... நாப்பது... நாப்பத்தி நாலு. ஆமா, நாப்பத்தி நாலு. பாஸ் மார்க்கு வாங்கிருச்சு, அப்புறம் என்ன? ...எவ்ளோ இருக்கணும்? ...முப்பத்தஞ்சா? சரி, ஒம்பதுதானே கூட. ...ஒம்பது ரொம்பக் கூடங்கிறியா? மீனு உசுரோட இருக்கறதே பெருசா? அடப் போம்மா, கொழல்ல ஏதோ கோளாறு.

...கேளு, என்ன கேக்கணும்? ...ஆமா, தண்ணி கொறையும். தெனம் ஒரு வெரக்கடை கொறையும். ஆவியாப் போயிடுது. தெனம் ஊத்துறேன், விடுவேனா? வடிகட்டின தண்ணிதான் ஊத்துறேன், ஒங்க அண்ணன் சொன்ன அதே தண்ணி. ...வெறும் தண்ணியான்னா? வெறும் தண்ணிதான். மொத ரெண்டு மாசம் வெறும் தண்ணி மட்டுந்தான் ஊத்தினேன். அப்புறம் ஒரு நா கல்லு ஒண்ணு சரிஞ்சுருச்சுன்னு கைய விட்டு நிமுத்தினேன். கைய எடுத்ததும், பழக்க தோசம், வெரலு வாய்க்குப் போயிடுச்சு. பாத்தா... சப்புன்னு இருக்கும்மா! கடல் தண்ணிங்கிறாங்க, கடலுக்குண்டான கரிப்பே இல்ல. ஓகோ, தெனம் வெறுந் தண்ணியா ஊத்தி ஊத்தி உப்பு கொறஞ்சுருச்சு, ஒங்க அண்ணனுக்கு அந்த வெவரம் பத்தலன்னு புரிஞ்சுபோச்சு. வாளி நிறைய உப்பு எங்கிட்டயே இருக்கு. வீட்ல டப்பாவத்தான் ஒளிச்சு வெச்சா, இந்த வாளிய எவ ஒளிக்க முடியும்? ஒரு கரண்டி எடுத்துக் கலந்து ஊத்தினேன். அன்னைலேருந்து தெனம் காலையில வெரல விட்டு ருசி பாத்து, பத்தலன்னா ஒரு கரண்டி. ...தெனமும் பத்தாது, ஆமா. ...எப்பத்திலேருந்தா? அது ஆச்சு... ஒரு... ஒன்றரை மாசம்.

ஏம்மா தலையில கைய வெக்கிற?

...என்ன கேட்ட? சூப்பு அடுப்புல வத்தினா என்ன ஆகும்னா? எங்கிட்டயா கேக்குற! வத்தினா உப்பு ஏறும். தண்ணிதானே ஆவியாப் போகும், உப்பு சட்டியிலயேதான் கெடக்கும். அதுக்குத்தான் வத்தறதுக்கு முன்னாடி உப்பு பாக்காதன்னு நாப்பது வருஷமா ஒவ்வொருத்தன் தலையிலயும் குட்டிக் குட்டிச் சொல்லிக்கிட்டு... இரு. வத்தினா தண்ணிதான் போகும். உப்பு... உள்ளயேதான் இருக்கும். அப்ப வெறுந் தண்ணி ஊத்தினாலே போதும். அப்ப நான் போட்டதெல்லாம்...

அட கடவுளே. மொத நாள் வேலைக்கு வந்தவனுக்குத் தெரியுமே இது!

ஆனா இரும்மா, இரு. கணக்குல நான் தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா நாக்கு? தெனம் ருசி பாத்துத்தானே போட்டேன்? உப்பு ஏறியிருந்தா நாக்கு சொல்லியிருக்குமே? காது பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், இது பொய் சொல்லாது. ...என்ன டம்ளரு? எதுல மொண்ட? சரி, குடு, ருசி பாத்துட்டுத் துப்பிடறேன்.

ம். இது குடிக்கிற தண்ணிதானே? லேசா ஒரு சிட்டிகை போட்ட மாதிரி... ...என்னது? தொட்டித் தண்ணியா? அந்த மீனு ஓடுது பாரு, அந்தத் தொட்டியா? வெளையாடாதம்மா. கடலளவு உப்புங்கிற, நாக்குல ஒண்ணுமே ஒறைக்கலயே. நீ குடிச்சுக் காட்டு பாப்போம். ...குடி. நாக்குல வெச்சாப் போதும்.

ஏன் ஓடுற? ஏம்மா? ...வாயக் கழுவுறியா? அவ்ளோவா கரிக்குது? கண்ணுல தண்ணியே வந்துருச்சே ஒனக்கு!

இரு. என் பாட்டிலையும் ருசி பாக்கறேன். ம்... இதுல கொஞ்சம் தெரியுது. இது சரியான பதமாத்தான்... இந்தா, இத நீ... வேணாமா? நாக்குல வெக்கவே மாட்டியா?

சரி. வேணாம். வெக்க வேணாம்.

...

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காச்சல் வந்துச்சும்மா. பத்து நாளு நாக்கு மரத்து மரக்கட்ட மாதிரி கெடந்துச்சு. அப்புறம் பசி எடுத்துச்சு, சாப்ட்டேன், சரியாப் போச்சுன்னு வேலைக்குப் போயிட்டேன். சரியாப் போச்சான்னு யாருகிட்ட கேக்கறது? நாக்குகிட்டதானே கேக்கணும்? அதுதான் சரியாப் போச்சுன்னு சொல்லிருச்சே.

எங்கீழ ஒரு ரெண்டாவது மாஸ்டர் இருந்தான். பதினெட்டு வருஷம் எங்கூட நின்னவன். கடைசி வருஷத்துல ஒரு நா நான் திரும்பின நேரத்துல, அண்டாவுல ஒரு கொடம் வெந்நிய ஊத்தறான். கண்ணால பாத்துட்டேன். என் சமையல்லயா கைய வெக்கிற, என் பேரக் கெடுக்கவா பாக்கறன்னு அத்தன பேரு முன்னாடி அவன நாறடிச்சேன். அவன் கொடத்தக் கீழ வெச்சுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். என் பேரக் காப்பாத்தத்தாம்மா அவன் ஊத்தியிருக்கான்! தெனமும் ஊத்தியிருப்பான். நான் பாத்துட்டுத் திட்டின அன்னைக்கி நிறுத்தியிருப்பான். அதுக்கப்புறந்தான் தட்டு பாதியா திரும்பி வர ஆரம்பிச்சுச்சு... ஆமா, அதுக்கப்புறந்தான்.

அவ? அவ மொத நாளே ஒத்த வார்த்தையில சொல்லிட்டா. கரிக்குதுன்னா. நான் ஒரு வருஷம் அவள விட்டு வெச்சேனா? ஒனக்கு என்ன தெரியும், ஒனக்கு என்ன தெரியும்னு... அந்தப் பேச்சக் கேட்டுக்கிட்டே திங்க முடியாமத்தாம்மா அவ தனியாச் சாப்ட்டிருக்கா. அதுலயும் என் தட்டுப் பக்கத்துல ஒரு சிட்டிகை வெச்சுட்டுப் போயிருக்கா பாரு. எனக்கு வெக்கமா இருக்கும்மா. இந்த வயசுல ஒரு கடையில நின்னுக்கிட்டு இப்பிடி வெக்கப்படுவேன்னு நான் நெனைக்கல.

...சொல்லு, சொல்லு, கேக்குறேன். தெனம் ஒரு சொம்பு எடுத்துட்டு, வெறுந் தண்ணி ஒரு சொம்பு. அவ்வளவுதானா? ...ஒரே நாள்ல எறக்கக் கூடாதா? ஏன், நான் பண்ண தப்புக்கு அதுங்க ஏன் இன்னும்... ஓ, திடீர்னு எறக்குனா அதிர்ச்சியில செத்துரும். ஏத்தினது ஒன்றரை மாசம், எறக்கறதுக்கு ரெண்டு மூணு வாரம். சரி. இது? இந்தக் கைதட்டி? ...அடித்தண்டு கெட்டியா இருக்கா? பொழச்சுக்குமா? நெசமாவா, இல்ல என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றியா? ...சரி, நம்பறேன். ஒன் நாக்க நம்பித்தான் ஆகணும், என்னுது போயிருச்சு.

இரு, வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்.

அலோ. நாந்தான்... கடையிலதான்... இல்ல, சாகல, பொழச்சுக்குமாம். அதுக்குக் கூப்டல. நீ சாப்ட்டியா?... இன்னும் இல்லயா? அப்பச் சாப்பிடாத. நான் வந்துடறேன், சேந்து சாப்பிடலாம்... ஆமா, சேந்துதான்... அப்புறம்... ஏய், அந்த உப்பு... நீ போடறதுதான் சரி... கேக்குதா? நீ போடறதுதான் சரின்னேன்... இன்னைக்கி மட்டும் இல்ல. மொத நாளுலேருந்தே... அலோ? இருக்கியா?... இல்லல்ல, காச்சலெல்லாம் இல்ல... எங்கயும் விழல... தல சுத்தல... குடிக்கல, நடுப்பகல்ல என்னத்தக் குடிக்கப் போறேன்... பக்கத்துலயா? கடைக்காரம்மா இருக்கு. ஏன்?...

ஏம்மா, நம்ப மாட்டேங்குறா. எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டா. பக்கத்துல யாரு இருந்தாலும் போனக் குடுங்குறா. நானும் வந்ததுலேருந்து ஒன்னப் பேசவே விடல, தப்புதான். இந்தா, இப்பப் பேசு. மனுசன் நல்லாத்தான் இருக்காரு, நாக்குல மட்டுந்தான் ருசி போயிருச்சு, அவருக்கே இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு பக்குவமாச் சொல்லு. நான் சொன்னா அவ அழுதுருவா, நீ சொல்லும்மா.